ஐந்து நாணயம், ஒரு சனிக்கிழமை: மெல்போர்னிலிருந்து விலங்கு பார்க்க எங்கே போவது?

அக்கா மகள் ஈரோட்டிலிருந்து ஒரு செமஸ்டருக்குப் பரிமாற்ற மாணவியாக மெல்போர்ன் வந்திருந்தாள். ஜூலைக் கடைசியில் வந்தவள் நவம்பரில் திரும்பியாக வேண்டும். வகுப்பு, அசைன்மென்ட், மாலையில் பகுதிநேர வேலை என்று நாட்கள் ஓடிவிட, ஆகஸ்ட் கடைசியில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் முழுதாகக் கையில் கிடைத்தது. "சித்தி, இந்த நாட்டுக்கே உரிய விலங்குகளைப் பார்க்கணும். ஒரு நாள்தான் இருக்கு. எங்கே போகலாம்?" என்று கேட்டவள், பர்ஸைத் திறந்து சில்லறையை மேசையில் பரப்பினாள்.

ஆஸ்திரேலிய நாணயங்களை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? 5 சென்டில் எக்கிட்னா, உடம்பெல்லாம் முள்ளும் நீண்ட மூக்குமாக. 10 சென்டில் லயர்பேர்ட் என்கிற பறவை, வாலை விரித்து ஆடுகிறது. 20 சென்டில் வாத்து போன்ற அலகுள்ள பிளாட்டிபஸ். 50 சென்டில் நாட்டின் சின்னம். அதை இருபுறமும் தாங்கி நிற்பவை கங்காருவும் ஈமுவும். 1 டாலரில் ஐந்து கங்காருக்கள். சென்ட் காசுகளை 1966ல் தசம நாணய முறை வந்தபோது ஸ்டூவர்ட் டெவ்லின் வடிவமைத்தார். 1984ல் வந்த டாலர் காசும் அவருடையதுதான்.

"இந்த அஞ்சு காசுல இருக்கிறதையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?" என்பதுதான் அவள் கேள்வி. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை நான் பல வருடங்களாக ஒவ்வொரு இடமாகக் கூட்டிப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு செமஸ்டருக்கு வந்து, கார் இல்லாமல், எண்ணிச் செலவு செய்கிற எந்த மாணவருக்கும் இது பயன்படும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தூரத்தையும் டிக்கெட்டையும் வைத்துத்தான் இடத்தை முடிவு செய்கிறார்கள். நான் பார்ப்பது நேரத்தை. இந்த நாட்டு விலங்குகளில் பெரும்பாலானவை பகலில் தூங்குபவை. கோலா ஒரு நாளில் 20 மணி நேரம் வரை தூங்கும். வாம்பட் பகலை வளைக்குள் கழித்துவிட்டு அந்திக்கு மேல்தான் மேய வரும். பாசம் (possum) என்ற மரவிலங்கு, டாஸ்மேனியன் டெவில் என்ற ஊனுண்ணி இரண்டும் இரவு விலங்குகள். பிளாட்டிபஸ் விடியலிலும் அந்தியிலும் நடமாடும். கங்காரு வெயில் நேரத்தில் நிழலில் படுத்துக்கொள்ளும். நம் மாணவரோ எட்டு மணிக்கு எழுந்து, பத்து மணி ரயிலைப் பிடித்து, மதியம் போய்ச் சேர்ந்து, நாலரை மணிக்குக் கிளம்புகிறார். அவர் அங்கே இருப்பதெல்லாம் விலங்குகள் அயர்ந்து தூங்கும் நேரம். "போனோம், ஒண்ணுமே அசையல" என்று திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் எந்த இடம் இந்தத் தூக்கக் கணக்கைச் சமாளிக்கிறது என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

கங்காருவுக்கு ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள்

கங்காருவைப் பார்க்கவென்று முழு நாளையும் நூறு டாலருக்கு மேல் பணத்தையும் கொடுக்க வேண்டிய அவசியம் மெல்போர்னில் இல்லை. நகரின் வடக்கு ஓரத்தில் பிளென்டி கார்ஜ் என்ற பள்ளத்தாக்குப் பூங்கா இருக்கிறது. மெர்ண்டா ரயில் பாதையில் ஹாக்ஸ்டோ ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். மாலையில் வெயில் சாயும் நேரத்துக்குப் போனால் கிழக்குச் சாம்பல் கங்காருக்கள் கூட்டமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். டிக்கெட் கிடையாது, வேலியும் கிடையாது. நின்ற இடத்திலேயே சத்தம் போடாமல் நின்றால் தாயின் பையிலிருந்து குட்டி தலையை நீட்டுவதைக்கூடப் பார்க்கலாம். கிட்டே போகாதீர்கள், தீனி போடாதீர்கள். பெரிய ஆண் கங்காரு எழுந்து நின்றால் நம்மைவிட உயரமாக இருக்கும்.

வகுப்பு முடிந்த ஒரு மாலையே இதற்குப் போதும். சனிக்கிழமைக்கு முன்பே ஒரு புதன்கிழமை அவளை அங்கே அழைத்துப் போனேன். பதினேழு கங்காருக்களை எண்ணினாள். டாலர் காசு முதலில் முடிந்தது.

கோலாவைத் தூக்கி வைத்துப் படம் எடுக்கும் ஆசை

இந்த ஆசையோடு வருகிறவர்கள் நிறைய. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் கோலாவைக் கையில் தூக்கி வைத்துக்கொள்ளப் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. நியூ சவுத் வேல்ஸிலும் இல்லை. குயின்ஸ்லாந்தில் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அங்கேயே, 1927ல் தொடங்கி இதற்கென்றே பெயர் பெற்ற பிரிஸ்பேனின் லோன் பைன் காப்பகம், 2024ல் அந்த வழக்கத்தைத் தானாகவே நிறுத்திவிட்டது. எனக்கு அது மகிழ்ச்சியான செய்தி. இருபது மணி நேரம் தூங்கினால்தான் யூகலிப்டஸ் இலையைச் செரிக்க முடிகிற ஒரு பிராணியைப் படத்துக்காகக் கை மாற்றிக்கொண்டே இருப்பது என் மனசுக்கு ஒப்பவில்லை.

காட்டுக் கோலாவைப் பார்க்க வேண்டுமென்றால் கிரேட் ஓஷன் ரோடு சுற்றுலாக்கள் கென்னட் ரிவர் என்ற சிற்றூரில் நிறுத்துவார்கள். கிளைக் கவட்டையில் சாம்பல் நிறப் பந்து ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்தப் பயணம் கடலுக்கும் பாறைகளுக்கும் ஏற்றது, விலங்குக்கு ஏற்றதல்ல. நான் ஒருமுறை போன பேருந்தில் கோலாவுக்கென்று ஒதுக்கியது பதினைந்து நிமிடம். அதில் பாதி கழிப்பறை வரிசையில் போனது. பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் விலங்குக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

சரி, மெல்போர்ன் மாணவருக்கு உண்மையான போட்டி இரண்டு இடங்களுக்கு நடுவில்தான். ஹீல்ஸ்வில் சாங்க்சுவரி என்ற விலங்குக் காப்பகம், பிலிப் தீவு.

ஹீல்ஸ்வில்: ஒரே வளாகத்தில் நான்கு காசு

நகரத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் கிழக்கே, யார்ரா பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கிறது. லில்லிடேல் வரை ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து ஹீல்ஸ்வில் ஊருக்கு 685ஆம் எண் பேருந்து. ஊரிலிருந்து காப்பகம் சுமார் 4 கிலோமீட்டர்; அந்தக் கடைசித் தூரத்துக்கான பேருந்துகள் குறைவு. வாரக்கடைசி நேர அட்டவணையை முதல் நாள் இரவே பார்த்து, திரும்பும் பேருந்தையும் குறித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பொதுப் போக்குவரத்துக்கான மைக்கி அட்டையின் ஒரு நாள் உச்சக் கட்டணத்துக்குள் ரயிலும் பேருந்தும் அடங்கிவிடும். சலுகைக் கட்டணம் உங்களுக்கு உண்டா என்று உங்கள் பல்கலைக்கழக மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். வெளிநாட்டு மாணவர் எல்லோருக்கும் ஒரே விதி கிடையாது.

உள்ளே இருப்பவை முழுக்க ஆஸ்திரேலிய விலங்குகள். சிங்கம், யானை எதுவும் கிடையாது. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். யானையை நாம் முதுமலையிலேயே பார்த்துக்கொள்ளலாம். உயரமான யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நடை பாதைகள், கீழே பேட்ஜர் ஓடை. மிருகக்காட்சிசாலைக்கு வந்த உணர்வே வராது.

தூக்கக் கணக்கை இந்த இடம் எப்படித் தீர்க்கிறது என்றால், பிளாட்டிபஸ் இருக்கும் கூடத்தில் பகலையும் இரவையும் மாற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் இருட்டு. கண் பழக இரண்டு நிமிடம் ஆகும். அப்புறம் கண்ணாடித் தொட்டிக்குள் ஏதோ வளைந்து நெளிந்து ஓடும். முதல்முறை பார்க்கிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இவ்ளோ சின்னதா?" பெரும்பாலும் அரை மீட்டருக்குள்தான் இருக்கும். தண்ணீருக்குள் கண்ணையும் காதையும் மூடிக்கொள்ளும். இரையின் தசை அசைவில் பிறக்கும் மெல்லிய மின்சாரத்தை அலகாலேயே உணர்ந்து பிடிக்கும். முட்டையிடும், ஆனால் குட்டிக்குப் பால் கொடுக்கும். ஆணின் பின்னங்காலில் நச்சு முள் உண்டு. உலகத்திலேயே முதன்முதலாக மனிதர் வளர்ப்பில் பிளாட்டிபஸ் குஞ்சு பொரித்தது இதே ஹீல்ஸ்வில்லில்தான். 1943ல் அப்போதைய காப்பக இயக்குநர் டேவிட் ஃப்ளே அதைச் சாதித்தார். அடுத்த முறை அது நடக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. காட்டில் ஓடைக்கரையில் மணிக்கணக்கில் காத்திருந்தும் பிளாட்டிபஸ் கண்ணில் படாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஒரே நாள் உள்ளவருக்கு இந்தக் கூடம் ஒன்றே ஹீல்ஸ்வில்லைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம்.

டாஸ்மேனியன் டெவிலும் இங்கே உண்டு. கடித்துச் சண்டை போடும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிற முகப் புற்றுநோய் 1996ல் டாஸ்மேனியாவில் முதலில் தெரியவந்தது. காட்டில் அவற்றின் எண்ணிக்கை பெரிதாகச் சரிந்துவிட்டது. நோய் தொடாத ஒரு கூட்டத்தைத் தனியாக வளர்த்துக் காக்கும் வேலையில் இந்தக் காப்பகத்துக்கும் பங்கு இருக்கிறது. விக்டோரியாவின் மாநில விலங்கான லெட்பீட்டர்ஸ் பாசம் ஒரு காலத்தில் அழிந்தே போனதாக நினைக்கப்பட்டு, 1961ல் மேரிஸ்வில் பக்கத்துக் காட்டில் மறுபடி கண்ணில் பட்டது. மாநிலப் பறவையான தலைக்கவசத் தேன்குடிப் பறவையும் மிக அரிதாகிவிட்டது. இரண்டையும் அழிவிலிருந்து காப்பாற்ற இங்கே பாடுபடுகிறார்கள். உள்ளேயே ஒரு விலங்கு மருத்துவமனை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருத்துவர்கள் சிகிச்சை செய்வதை நின்று பார்க்கலாம். நாங்கள் போன அன்று சிறகு ஒடிந்த ஒரு ஆந்தைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் கண்ணாடியை விட்டு அரைமணி நேரம் நகரவில்லை.

இந்த நிலத்தின் கதையையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1863ல் இந்த மண்ணின் பூர்வகுடிகளான உருண்டிரி மக்களும் பிற குலின் இனத்தவரும் குடியேறிய கொராண்டர்க் என்ற குடியிருப்பின் பகுதி இது. தாங்களே பயிரிட்டு நன்றாக வாழ்ந்த மக்களிடமிருந்து நிலம் துண்டு துண்டாகப் பறிக்கப்பட்டது. 1924ல் குடியிருப்பையே மூடினார்கள். காலின் மெக்கன்சி என்ற உடற்கூறு அறிஞர் 1920ல் ஆராய்ச்சிக்காகப் பெற்ற ஒரு பகுதி, 1934ல் காப்பகமாகத் திறக்கப்பட்டது. விலங்குகளைப் பார்த்து மகிழ்கிற அதே மண்ணில் இதுவும் நடந்திருக்கிறது. உள்ளே நடக்கும்போது நான் இதை நினைக்காமல் இருந்ததில்லை.

பிலிப் தீவு: அந்தியில் கரையேறும் பென்குயின்கள்

பென்குயின் எந்தக் காசிலும் இல்லை. ஆனாலும் போட்டியில் இதற்கு இடம் உண்டு. ஏனென்றால் இங்கே விலங்குகள் கூண்டில் இல்லை. தங்கள் நேரத்தில், தங்கள் வீட்டுக்கு, தாங்களாகவே வருகின்றன.

மெல்போர்னிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். உலகிலேயே மிகச் சிறிய பென்குயின் இனம் இங்கே வாழ்கிறது: உயரம் 33 சென்டிமீட்டர் அளவு, எடை ஒரு கிலோ. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் கூட்டம் கூட்டமாகக் கரையேறும். முதலில் நுரையோரத்தில் நாலைந்து தலைகள் தெரியும். கொஞ்சம் தயங்கும், ஒன்று திரும்பினால் எல்லாம் தண்ணீருக்கு ஓடும். மறுபடி வரும். கடைசியில் துணிந்து மணலைத் தாண்டித் தத்தித் தத்தி வளைகளை நோக்கி ஓடும். பார்க்கிற நூற்றுக்கணக்கான பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

படம் எடுக்க அனுமதி இல்லை, கைபேசியிலும்கூட. வெளிச்சத்துக்கு அவை மிரண்டுவிடும். இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். திரும்பும்போது காருக்கு அடியில் பென்குயின் ஏதாவது ஒதுங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

இந்தக் கடற்கரையைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று. பென்குயின்கள் வாழும் சம்மர்லேண்ட் முனையில் ஒரு காலத்தில் வீடுகளும் தெருக்களுமாக ஒரு குடியிருப்பே இருந்தது. கார்களும் நாய்களும் நரிகளும் பென்குயின்களைக் கொன்றுகொண்டிருந்தன. 1985ல் மாநில அரசு அந்த மனைகள் அத்தனையையும் திரும்ப வாங்க முடிவெடுத்தது. வாங்கி முடிக்க 2010 ஆனது. வீடுகளை அகற்றி நிலத்தைப் பறவைகளிடமே கொடுத்துவிட்டார்கள். தீவில் நரியே இல்லை என்று 2017ல் அறிவித்தார்கள். பறவைக்காக மனிதர்கள் ஒரு ஊரையே காலி செய்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பது வேறு மாதிரி இருக்கும்.

அப்படியானால் ஏன் இதையே முதல் தேர்வாகச் சொல்லவில்லை? திரும்பி வருவதுதான் சிக்கல். கவ்ஸ் என்ற தீவு ஊர் வரை பேருந்து உண்டு. ஆனால் அங்கிருந்து பென்குயின் கடற்கரைக்கு இரவில் பொதுப் போக்குவரத்து இல்லை. கார் உள்ள நண்பர் வேண்டும், இல்லாவிட்டால் நகரத்திலிருந்து கிளம்பும் சுற்றுலாப் பேருந்தில் சேர வேண்டும். செலவு ஹீல்ஸ்வில்லைவிட நிச்சயம் அதிகம்.

இங்கே பருவம்தான் தீர்மானிக்கும். ஜூன் மாதம் மெல்போர்னில் சூரியன் ஐந்தேகால் மணிக்கெல்லாம் மறைந்துவிடும். டிசம்பரில் எட்டே முக்கால் ஆகும். அதன் பிறகுதான் பென்குயின் வரும். குளிர்காலத்தில் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குள் நகரத்துக்குத் திரும்பிவிடலாம். கோடையில் நள்ளிரவு தாண்டிவிடும். ஆனால் குஞ்சு வளர்க்கும் வசந்தத்திலும் கோடையிலும்தான் அவை அதிகமாகக் கரையேறும். ஜூலையில் வந்து நவம்பரில் திரும்பும் மாணவருக்கு அக்டோபர் நல்ல நடுவழி. எந்த மாதமானாலும் தடிமனான ஜாக்கெட், தொப்பி, போர்வை மூன்றும் கட்டாயம். அண்டார்டிகாவுக்கும் அந்தக் கரைக்கும் நடுவே பெரும்பாலும் கடல்தான், தெற்குக் காற்று நேராக முகத்தில் அடிக்கும்.

சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்கும்போது நிறுத்தங்கள் குறைவாக உள்ளதைப் பாருங்கள். சாக்லேட் கடை, குளியல் குடில், திராட்சைத் தோட்டம் என்று அடுக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். தீவிலேயே இருக்கும் கோலா காப்பகத்துக்குப் போகிற பேருந்து என்றால் நல்லது. மரக்கிளை உயரத்தில் பலகைப் பாதை போட்டிருப்பதால், அங்கே கோலாவைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டாம்.

மற்றவை

பார்க்வில்லில் உள்ள மெல்போர்ன் மிருகக்காட்சிசாலை 1862லிருந்து இருக்கிறது, ஆஸ்திரேலியாவிலேயே பழமையானது. ராயல் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் வாசல். அரை நாள் மட்டும் உள்ளவருக்குச் சரி. முழு நாள் இருந்தால் வேண்டாம். உலக விலங்குகளுக்கு நடுவில் உள்நாட்டு விலங்குகள் ஒரு பகுதி மட்டும்தான்.

பியர்ஸ்டேலில் உள்ள மூன்லிட் சாங்க்சுவரி சிறியது. இரவில் விளக்கோடு நடத்தும் சுற்று இதன் சிறப்பு. கார் வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் நல்ல மாலை.

வில்சன்ஸ் புரொமான்டரி இந்த மாநிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். டைடல் ரிவரில் அந்தி நேரத்தில் வாம்பட்டுகள் கூடாரங்களுக்கு நடுவே உலாவும். ஆனால் 220 கிலோமீட்டர் தூரம், சொந்த வண்டி இல்லாமல் முடியாது. அன்றே திரும்புவதென்றால் கங்காருக்கள் சாலையைக் கடக்கும் இருட்டில் மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். இந்த ஊர்ச் சாலை பழகாத மாணவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். இரண்டு நாள் கிடைத்தால் கூடாரம் எடுத்துக்கொண்டு போங்கள்.

நாங்கள் செய்தது

அந்தச் சனிக்கிழமை ஹீல்ஸ்வில். திறக்கும் நேரமான ஒன்பது மணியை ஒட்டி உள்ளே இருக்கும்படி விடியலிலேயே கிளம்பினோம். காலைக் குளிரில் டிங்கோ என்ற காட்டு நாய்கள் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன. எக்கிட்னா மண்ணைக் கிளறிக்கொண்டு எங்கள் பக்கமாகவே வந்தது. 5 சென்ட் முடிந்தது. பிளாட்டிபஸ் கூடத்துக்கு இரண்டு முறை போனோம். ஈமுவைப் பார்த்ததும், "பெருந்துறைப் பக்கம் சின்ன வயசுல பண்ணையில பார்த்திருக்கேன் சித்தி" என்றாள். கொங்கு நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் பணத்தை இழந்த அந்த ஈமுப் பண்ணைக் காலம் எங்கள் வீட்டுக்கும் தெரிந்ததுதான். கம்பிக்குள் அடைபடாமல் பெரிய வெளியில் அது நீண்ட கால் எடுத்து வைத்து நடப்பதை அவள் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லயர்பேர்ட் மட்டும் ஏமாற்றியது. புதருக்குள் குரல் கேட்டது, வால் நுனி தெரிந்தது, அவ்வளவுதான். 10 சென்ட் காசை அவள் பர்ஸின் தனி அறையில் போட்டு வைத்தாள்.

அதற்கும் வழி இருக்கிறது என்றேன். டாண்டினாங் மலையில் ஷெர்புரூக் காடு. பெல்கிரேவ் ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனில் இறங்கி மேடேறி நடந்தால், பூக்கும் தாவரங்களிலேயே உலகில் மிக உயரமாக வளரும் மவுன்டன் ஆஷ் மரங்களும் ஆளுயரப் பெரணி மரங்களும் தொடங்கிவிடும். லயர்பேர்ட் அங்கே காட்டிலேயே வாழ்கிறது. ஆண் பறவை பாடி ஆடும் பருவம் குளிர்காலம், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சம். டிக்கெட் இல்லை, உத்தரவாதமும் இல்லை. விடியற்காலையில் போக வேண்டும், பேசாமல் நிற்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு முதல் ரயிலைப் பிடித்துத் தனியாகப் போனாள். ஒன்பது மணிக்கு வாட்ஸப்பில் ஒரு ஒலிப்பதிவு வந்தது, நாற்பது நொடி. குக்குபராவின் சிரிப்பு, சாட்டை சொடுக்கியது போல விப்பேர்டின் குரல், ரோசெல்லாக் கிளியின் கத்தல், நடுவில் எனக்கு அடையாளம் தெரியாத இரண்டு மூன்று பறவைகள். கீழே எழுதியிருந்தாள்: "சித்தி, இது எல்லாமே ஒரே பறவை. பத்து அடி தள்ளி நிக்குது."